துண்டின் தலையில் போட்ட பழி

ஆஸ்பத்திரியில் டிக்கட் வெட்டி என்னை வீட்டுக்கு விட்ட அன்று டொக்டர் என் கட்டிலடியில் ஐந்து நிமிடம் நின்று பேசினார். அதில் என் காதில் விழுந்தது, வீட்டுக்குப் போகலாம் என்ற ஒரு வசனம் மட்டுந்தான். மிச்சமெல்லாம் என் கணவருக்குச் சொன்னது என்று நினைத்துக்கொண்டேன். நிமோனியா அடங்கிவிட்டது, ஆனால் சுவாசப்பை ஆற நாளெடுக்கும், ஆறு கிழமையில் திரும்ப எக்ஸ்ரே எடுக்க வேண்டும், இடையில் காய்ச்சல் வந்தாலோ மூச்செடுக்கும்போது நெஞ்சு நொந்தாலோ ஒருநாள்கூடப் பிந்தாமல் வரவேண்டும் என்றெல்லாம் அவர் சொன்னாராம். அதையே கிளினிக் கொப்பியிலும் எழுதித் தந்தார். நான் அந்தக் கொப்பியை அலுமாரிக்குள், சேலைகளுக்கு அடியில் வைத்தேன். விடை வந்ததும் கொப்பியை மூடாதே, வழியைச் சரிபார் என்று இருபது வருடத்துக்கு மேலாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் உயிரை எடுத்த கணக்கு ரீச்சர் நான்.

வட்டக்கச்சியில் எங்கள் படலையிலிருந்து வாசற்படி வரை முப்பது எட்டு வைத்தால் போதும். அன்று அதைக் கடக்க இரண்டு தரம் நிற்கவேண்டியிருந்தது. முதல்தரம் முருங்கையடியில். பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போன மகள் திரும்பிப் பார்த்தாள். நான் அண்ணாந்து, முருங்கை பூத்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல நின்றேன். மார்கழி மழையில் அதில் பூவும் இல்லை, பிஞ்சும் இல்லை. இரண்டாம்தரம் கிணற்றடியில். அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமே இருக்கவில்லை. அவள் பையை வைத்துவிட்டு வந்து என் முழங்கையைப் பிடித்தாள்.

அவளுக்குப் பத்தொன்பது வயது முடிந்து சில மாதம். எங்களுக்கு ஒரே பிள்ளை. நான் ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்த கிழமைதான் மட்டக்களப்புப் பல்கலைக்கழகத்திலிருந்து அவளுக்குக் கடிதம் வந்திருந்தது. வாட்டுக்குக் கொண்டுவந்து எனக்குக் காட்டினாள். நான் ஒட்சிசன் குழாயோடு கிடந்தபடி அதை மூன்று தரம் வாசித்தேன். பிறகு அவள் அதை நாலாக மடித்துப் பைக்குள் வைத்து, நீங்கள் சுகமானால்தான் நான் போவேன், இல்லாவிட்டால் அடுத்த வருடம் பார்ப்போம் என்றாள். எனக்கு அந்த நேரம் காய்ச்சல் நூற்று மூன்று. ஆனால் குளிர் ஓடியது அவள் சொன்ன அந்தச் சொல்லுக்குத்தான்.

அடுத்த வருடம் என்பதில் எனக்கு நம்பிக்கையே கிடையாது. அவள் வயதில் எனக்கும் அப்படி ஓர் இடம் கிடைக்க இருந்தது. பாதை பூட்டிக் கிடந்தது, இடம்பெயர்ந்து கொண்டிருந்தோம், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். அந்த அடுத்த வருடம் இன்னும் வரவில்லை. ஆகவே டிக்கட் வெட்டி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. அவள் மட்டக்களப்புக்குப் போக இன்னும் ஐந்து கிழமை. அதற்குள் நான் சுகமாகவேண்டும். அல்லது சுகமானவள் போல இருக்கவேண்டும்.

சுகமாவது நான் நினைத்ததுபோல நேர்கோட்டில் ஏறுகிற விஷயமாக இருக்கவில்லை. ஒருநாள் படலை வரை நிற்காமல் நடந்துபோய் மீன்காரரைக் கூப்பிட்டேன். அடுத்தநாள் கட்டிலில் எழுந்து உட்கார அரை மணித்தியாலம் பிடித்தது. சீப்பால் தலை இழுக்கக் கையைத் தூக்கினால் களைத்தது. குளித்துவிட்டு வந்தால், குளித்ததற்காகப் படுக்கவேண்டியிருந்தது. சோறு பாதிக் கோப்பையில் அலுத்துப்போகும், பசி இருக்கும், மென்று விழுங்க மூச்சிருக்காது. பின்னேரங்களில் சும்மா இருக்க வியர்த்துச் சட்டை நனையும். இருமல் எங்கேயோ போய்விட்டு நான் சிரித்தால் மட்டும் திரும்பி வரும். அதனால் சிரிப்பதை விட்டேன். அது எனக்குப் பெரிய நட்டமில்லை, நான் சிரிக்கிற ஆளில்லை என்று என் மாணவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

வருத்தம் பார்க்க வந்த சனம் வேறு. தோடம்பழமும் விசுக்கோத்தும் சத்துமா டின்னுமாக வந்து கதிரையில் இருந்துகொண்டு, முதலிலிருந்து சொல்லுங்கோ என்பார்கள். முதல் ஆளுக்குச் சொன்னேன். இரண்டாவது ஆளுக்குப் பாதி சொன்னேன். மூன்றாவது ஆளிலிருந்து என் கணவர் சொல்லத் தொடங்கினார். அவர் வயலில் நிற்கிற மனுஷன், கதை குறைவு. காய்ச்சல் வந்தது, கொண்டுபோனோம், மாறிவிட்டது என்று மூன்று வசனத்தில் முடித்துவிடுவார். வந்தவர்களுக்கு அது போதாது. அவர்கள் போகும்போது என்னைத்தான் குறைப்பட்ட மாதிரிப் பார்ப்பார்கள்.

வாட்டில் பயிற்சிக்கென்று வருகிற ஒரு இளம் பிள்ளை எனக்கு மூச்சுப் பயிற்சி சொல்லித் தந்திருந்தது. ஒரு போத்தலில் தண்ணீர் விட்டுக் குழாயால் ஊதவேண்டும். பிறகு ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று நாளும் பார்க்கவேண்டும். மகள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்த இரண்டாம் நாளே நான் அவசரம் அவசரமாக எண்ணி அவளை ஏமாற்றப் பார்ப்பதைப் பிடித்துவிட்டாள். எண்ண வேண்டாம், பதினாறாம் வாய்ப்பாடு சொல்லுங்கோ என்றாள். அவள் சின்னவளாக இருந்தபோது, பதினாறாம் வாய்ப்பாடு தெரிந்தவனுக்கு வாழ்க்கையில் பயமில்லை என்று சொல்லிச் சொல்லி நான் அவளை அழவைத்திருக்கிறேன். அவளுக்கு வஞ்சம் தீர்க்க ஒரு வழி கிடைத்தது. முதல் நாள் எண்பதோடு, அதாவது ஐந்தோடு நின்றது. மூன்றாம் கிழமையில் ஒன்பது வரை வந்தேன், நூற்று நாற்பத்திநாலு. அவள் அதை நாட்காட்டியில் குறித்தாள். அன்று பெட்டியை எடுத்துத் தூசு தட்டினாள். நான் குசினிக்குள் போய்ச் சத்தமில்லாமல் அழுதேன், சந்தோசத்தில்தான்.

நாலாம் கிழமை நடுவில், மூச்செடுக்க வலிக்கிற அந்த நோ வந்தது.

அதைச் சொல்ல முதல் துண்டைப் பற்றிச் சொல்லவேண்டும். என் வலது முதுகில், தோள்பட்டை எலும்புக்குக் கீழே, செல் வெடித்துத் தெறித்த ஒரு இரும்புத் துண்டு இருக்கிறது. கடைசிச் சண்டையின்போது ஒரு பதுங்குகுழிக்குள் மகளை மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தேன். அவளுக்கு அப்போது மூன்று வயதும் சொச்சமும். துண்டு எனக்குப் பட்டது. எடுப்பதைவிட விடுவது நல்லது என்று அந்த நேரத்து டொக்டர்மார் விட்டுவிட்டார்கள். விறகுக் கொள்ளியில் உதிர்ந்த கரித்துண்டு அளவுதான். அதைப் பற்றி இதைவிட அதிகமாக நான் யாருக்கும் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் சொல்லவும் தேவையில்லை. அரைவாசிப் பேரிடம் ஒன்று இருக்கிறது. மற்ற ஊர்களில் நாற்பது தாண்டியவர்கள் சீனி வருத்தம், பிரஷர் என்று கதைப்பதுபோல இங்கே நாங்கள் துண்டுகளைப் பற்றிக் கதைப்போம். மழை இருட்டினால் குத்தும், வெயில் ஏறினால் விறைக்கும், பாரம் தூக்கினால் சொல்லிக்காட்டும். பக்கத்து வளவு அண்ணையிடம் மூன்று இருக்கின்றன. முழங்காலில் ஒன்று, இடுப்பில் ஒன்று, பிடரியில் ஒன்று. அதனால் அவர்தான் எங்கள் ஒழுங்கைக்குப் பெரிய டொக்டர்.

தையில் காலம் தப்பி ஒரு மழை இருட்டியது. அன்று காலையில் மூச்சை இழுத்தபோது வலது பக்க விலாவில் யாரோ ஊசியால் தைத்ததுபோல இருந்தது. துண்டு என்று நினைத்தேன். பொய்யில்லை, உண்மையாகவே முதல் இரண்டு மூன்று நாள் அப்படித்தான் நினைத்தேன். வலது பக்கம், மழை இருட்டு, வேறு எதை நினைப்பது? நோ பழைய இடத்தைவிடக் கொஞ்சம் கீழே இருந்தது. அதற்கும் பக்கத்து வளவு அண்ணையிடம் விளக்கம் இருந்தது. வேலியடியில் நின்று கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"துண்டு இறங்கியிருக்கு ரீச்சர். இருமி இருமி இறக்கிப்போட்டியள். உதுக்கு மருந்தில்லை, உப்பு ஒத்தடந்தான்."

எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. இருமினால் துண்டு இறங்கும் என்பதில் ஒரு கணக்கு இருந்தது. என் கணவர் உப்பை வறுத்துத் துணியில் கட்டித் தந்தார். மகள் பிடித்தாள். அவளுக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். ஐந்து வயதிலிருந்தே மழை நாட்களில் தானே கேளாமல் வந்து சின்னக் கையால் அழுத்திவிடுவாள். துண்டு குத்துது பிள்ளை என்று நான் சொன்னால் ஏன், எப்படி, எவ்வளவு என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. மற்ற எதற்கும் ஆயிரம் கேள்வி கேட்கிறவள். அதற்கு மட்டும் வாய் திறக்கமாட்டாள். ஏனென்று எனக்குத் தெரியும். அவளுக்கு அந்தக் கதையை யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ஐந்தாம் நாளிலிருந்து நான் செய்ததற்கு மன்னிப்பில்லை. பின்னேரங்களில் உடம்பு லேசாகச் சுடத் தொடங்கியது. துண்டுக்குக் காய்ச்சல் வராது என்று எனக்குத் தெரியும். அலுமாரிக்குள் சேலைக்கு அடியில் ஒரு கொப்பியில் என்ன எழுதியிருக்கிறது என்றும் தெரியும். இரண்டு குளிசையை விழுங்கிவிட்டு முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டு முன் விறாந்தையில் போய் இருப்பேன். மகள் உடுப்பு மடித்துக் கொண்டிருப்பாள். அவள் போக ஆறு நாள், ஐந்து நாள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கேயே மறித்து வைப்பார்கள். மறித்தால் அவள் பெட்டியைத் திரும்பக் கட்டிலுக்குக் கீழே தள்ளுவாள்.

வாய்ப்பாடு ஆறோடு நின்றது. தொண்ணூற்றாறு சொல்லும்போதே பக்கம் இழுத்துப் பிடித்தது. நான் இருமல் வந்ததுபோல முகத்தைத் திருப்பிச் சேலைத் தலைப்புக்குள் ஒரு மூச்சைத் திருடிக்கொண்டு மிச்சத்தைச் சொன்னேன். பரீட்சை மண்டபத்தில் பிட்டடித்த எத்தனையோ பிள்ளைகளைக் கையும் களவுமாகப் பிடித்தவள் என்பதால் எப்படிச் செய்தால் பிடிபடாது என்றும் எனக்குத் தெரிந்திருந்தது. மகள் நாட்காட்டியில் பத்து என்று எழுதினாள். எழுதிவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஏன் அந்தப் பக்கம் சாய்ந்து இருக்கிறீர்கள் என்று கேட்டாள். துண்டு குத்துது பிள்ளை என்றேன். அவள் வாயை மூடிக்கொண்டு உப்பை வறுக்கப் போனாள்.

என் கணவர் மட்டும் ஒருநாள், நான் தலையணையை முதுகுக்குக் கொடுத்து இருந்தபடியே நித்திரை கொள்வதைப் பார்த்துவிட்டு, ஒருக்கால் கிளினிக்குக்குப் போய் வருவோமா என்றார். பிள்ளை போகட்டும் என்றேன். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி அதற்குமேல் கதைக்காமல் விட்டது இப்போது நினைத்தாலும் பயமாக இருக்கிறது.

அவள் போன அன்று காலை படலையில் கதிரை போட்டு இருந்தேன். எழும்பி நின்று வழியனுப்ப எனக்கு ஆசைதான், ஆனால் நின்றால் களைப்பு முகத்தில் தெரியும். பஸ் நிலையத்துக்குப் போக அவர் பெட்டியை மோட்டர் சைக்கிளில் கட்டினார். அவளை மட்டக்களப்புக்குக் கொண்டுபோய் விட்டு, தங்குமிடம் பார்த்துக் கொடுத்து, மூன்றாம் நாள் வருவதாகத் திட்டம். மகள் குனிந்து என் தோளைக் கட்டிப்பிடித்தாள். வலது பக்கம் அழுத்தியது. பல்லைக் கடித்துக்கொண்டேன். மோட்டர் சைக்கிள் வாய்க்கால் பாலம் தாண்டி மறையும் வரை சிரித்துக்கொண்டிருந்தேன். பிறகு கதிரையிலிருந்து எழும்ப முடியவில்லை. பக்கத்து வளவு அண்ணையின் மனைவி வந்து கூட்டிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தார்.

இரண்டு நாள். வெளியே வயல்களில் வெட்டு மெசின் இறங்கியிருந்தது. நெல் தூசு யன்னல் வழியாக வந்து கொண்டிருந்தது, யன்னலைப் பூட்டினால் புழுங்கியது. மகள் பின்னேரம் ஆறு மணிக்குப் போன் எடுப்பாள். நான் அதற்கு ஐந்தரையிலிருந்தே ஆயத்தம். கொத்தமல்லி குடித்து, குளிசை போட்டு, குரலைச் சரிசெய்து வைப்பேன். போனில் ஏமாற்றுவது நேரில் ஏமாற்றுவதைவிடச் சுகமாக இருந்தது. ஐந்து வரை சொல்லிவிட்டுப் போனைக் காதிலிருந்து தூர எடுத்து, வாயால் மூச்சை இழுத்து, திரும்பக் கிட்டக் கொண்டுவந்து ஆறு தொடங்குவேன். இரண்டாம் நாள் பன்னிரண்டு வரை போனேன். நூற்றுத்தொண்ணூற்றிரண்டு. அவள் அங்கே பக்கத்தில் நின்ற யாரிடமோ, என்ர அம்மாவுக்கு வருத்தம் மாறிவிட்டது என்று சொன்னது கேட்டது. போனை வைத்துவிட்டு நெடுநேரம் இருமினேன்.

மூன்றாம் நாள் காலை கிணற்றடியில் வாளியைத் தூக்கக் குனிந்தேன். மூச்சு வரவில்லை. இழுக்கிறேன், பாதியில் கதவு பூட்டியிருக்கிறது. விழவில்லை, மயங்கவும் இல்லை. கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் சாகப்போகிறேன் என்று நினைத்தேன். அதைவிட, அவள் போய் மூன்றே நாள், இப்போதா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. பக்கத்து வளவு அண்ணை வேலியைப் பிரித்துக்கொண்டு வந்து ஓட்டோவுக்குப் போன் அடித்தார்.

ஆஸ்பத்திரியில் நான் வாய் திறக்க முதல் அண்ணையே டொக்டருக்கு எல்லாவற்றையும் சொன்னார். துண்டு இறங்கிவிட்டது, சுவாசப்பையில் குத்துகிறது, எடுத்தாகவேண்டும். முதல்முறை டிக்கட் வெட்டிய அதே டொக்டர். இளம் பிள்ளை, சண்டை நாட்களில் அவருக்கும் பள்ளிக்கூட வயதாகத்தான் இருந்திருக்கும். அவர் அண்ணையை இடைமறிக்காமல் கேட்டார். என் முதுகில் குழல் வைத்துப் பார்த்தார். எத்தனை நாளாக நோகிறது என்று என்னிடம் கேட்டார். நாலு நாள் என்றேன். உண்மையில் பன்னிரண்டு நாள். வாய்ப்பாட்டில் மூச்சைத் திருடியது வேறு, இலக்கத்தையே நான் மாற்றிச் சொன்னது என் வாழ்நாளில் அதுதான் முதல்தரம்.

எக்ஸ்ரே வந்ததும் அவர் இரண்டு படத்தை வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று மார்கழியில் எடுத்தது, மற்றது அன்று எடுத்தது.

"இஞ்ச பாருங்கோ அம்மா. இதுதான் உங்கட துண்டு. அப்பவும் இந்த இடம், இப்பவும் இந்த இடம். ஒரு நூலும் அசையேல்லை. நோகிறது இஞ்ச, நாலு விரல் கீழ. இந்த வெள்ளையெல்லாம் தண்ணி."

சுவாசப்பையைச் சுற்றித் தண்ணீர் கட்டியிருந்தது. நிமோனியா முழுக்க ஆறவில்லை, உள்ளே கிருமி மிச்சம் இருந்து வேலை செய்திருக்கிறது. முதல் நோவுக்கே வந்திருந்தால் குளிசையோடு போயிருக்கும் என்று அவராகச் சொல்லவில்லை. நான் கேட்டேன், அதனால் சொன்னார். பக்கத்து வளவு அண்ணை அந்தப் படத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் இடுப்பை ஒருதரம் தடவிப் பார்த்தார். இடுப்புத் துண்டு மூன்று மாதமாகத் தனக்கு இறங்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். அடுத்த கிழமை அவரும் நம்பர் எடுத்து வரிசையில் இருந்தாராம்.

என்னை முன்னுக்குச் சாய்த்து இருத்தி முதுகில் ஊசி போட்டுத் தண்ணீரை எடுத்தார்கள். முக்கால் போத்தல், மஞ்சளாகக் கலங்கி. என் மகளுக்குத் துண்டு என்று சொன்ன பன்னிரண்டு நாளும் போத்தலுக்குள் நிற்பதைப் பார்த்தேன். அன்று பின்னேரம் என் கணவர் மட்டக்களப்பிலிருந்து பஸ்ஸால் இறங்கி, வீட்டுக்குப் போகாமல், தோளில் பையோடு நேரே வாட்டுக்கு வந்தார். ஆறு மணிக்குப் போன் அடித்தது. நான் எடுக்காதீர்கள் என்று கையைக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே எடுத்தார். எடுத்து, உண்மையைச் சொன்னார். அதற்கும் அவருக்கு மூன்று வசனந்தான் தேவைப்பட்டது.

அவள் அடுத்தநாள் மத்தியானம் வந்துவிட்டாள். முதல் கிழமை வகுப்புகள் எல்லாம் போயிற்று. நான் பயந்தது எதுவோ அது நடந்தது, அதுவும் என் கையாலேயே. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. கட்டில் சட்டத்தில் கொழுவியிருந்த பெரிய உறையிலிருந்து படத்தை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். எது துண்டு என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் அதைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி. நான் விரலால் காட்டினேன். விலா எலும்புகளுக்கு நடுவில் வெள்ளை வெளேரென்று ஒரு சின்னப் புள்ளி. அவள் அதன்மேல் தன் சுட்டுவிரலை வைத்தாள். வைத்தபடியே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"அந்த இடத்தைக் காட்டி நோகுது எண்டால் நான் ஒண்டும் கேக்கமாட்டன் எண்டு உங்களுக்குத் தெரியும். அதுதானே அம்மா அதைச் சொன்னனீங்கள்."

துண்டு பட்ட அன்றுகூட எனக்கு அப்படி நோகவில்லை. ஓம் என்றேன். பிறகு மன்னிப்புக் கேட்டேன். என் பிள்ளையிடம் நான் கேட்ட முதல் மன்னிப்பு, கட்டிலில் கிடந்தபடி, கையில் சேலைன் ஊசியோடு. அவள் படத்தை உறைக்குள் வைத்துவிட்டுத் தோடம்பழம் உரிக்கத் தொடங்கினாள்.

ஒரு கிழமை நின்றாள். பிறகு நான் போ என்று சொல்லவில்லை, சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று இருந்தேன். அவள்தான் ஒருநாள் பெட்டியை எடுத்தாள். எடுத்துவிட்டு ஒரு நிபந்தனை வைத்தாள். வாய்ப்பாடு தொடரும், நின்ற இடத்தில் நிற்கவேண்டும், நின்றது எங்கே என்று நான்தான் சொல்லவேண்டும். ஒருநாள் பொய் சொன்னாலும் அன்றைக்கே பஸ் ஏறிவிடுவாளாம், திரும்பிப் போகமாட்டாளாம். அவள் சொன்னால் செய்கிறவள். அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று நான் யாரைக் கேட்பது?

இப்போது பங்குனி. இரண்டாம்முறை வீட்டுக்கு வந்து மூன்று கிழமை. வலது பக்கம் கீழே இன்னும் மூச்சு முழுதாக இறங்குவதில்லை. கடைசிப் படத்தில் ஒரு நிழல் மிச்சம் இருந்தது. தழும்பாக இருக்கலாம், திரும்பத் தண்ணீராகவும் இருக்கலாம், வருகிற செவ்வாய்க்கிழமை பார்ப்போம் என்றார் டொக்டர். கிளினிக் கொப்பி இப்போது குசினிச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. ஒவ்வொரு இருமலையும் நின்று கேட்கிறேன். வியர்த்தால், வெயிலா வருத்தமா என்று யோசிக்கிறேன். காலையில் எழும்பியதும் முதல் மூச்சைப் பயந்து பயந்து இழுக்கிறேன். துண்டும் குத்தத்தான் செய்கிறது, பாவம், அதை இப்போது ஒருத்தரும் நம்புவதில்லை.

நேற்றுப் பத்து வரை வந்தேன். நூற்றறுபது. கள்ளமில்லாத பத்து. அவள் அங்கே கையைத் தட்டினாள்.

இன்று பின்னேரம் ஆறு மணிக்கு எடுத்தாள். தொடங்கினேன். ஏழு நன்றாகத்தான் போனது. எட்டு, நூற்றிருபத்தெட்டு என்றபோது அந்தப் பழைய இடத்தில், நாலு விரல் கீழே, ஒரு இழுப்பு. போன் என் கையில் இருந்தது. அதைக் காதிலிருந்து ஒரு சாண் தூர எடுத்தால் போதும். நாளைக்கு அவளுக்கு முதல் பரீட்சை. செவ்வாய்க்கு இன்னும் நாலு நாள் கிடக்கிறது. கை தானாகவே அசைந்ததை நான் பார்த்தேன்.

"எட்டோட நிண்டிட்டுது, பிள்ளை."

அந்தப் பக்கத்தில் அவள் கொப்பியை மூடுகிற சத்தம் கேட்டது.

"நேற்றுப் பத்து."

"ஓம். நேற்றுப் பத்து."

"காய்ச்சல் இருக்கோ?"

"பாக்கேல்லை."

"பாருங்கோ. போனை வைக்காதேங்கோ, நான் நிக்கிறன்."

என் கணவரைக் கூப்பிட்டேன். காய்ச்சல் பார்க்கிற கண்ணாடிக் குழாயை எடுத்து, உதறி, துடைத்துத் தந்தார். கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தேன். மூன்று நிமிடம் வைக்கவேண்டும். அவளுடைய விடுதியில் யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டிருந்த சத்தம் கேட்டது. அதற்கு நடுவே அவளுடைய மூச்சும் கேட்டது. என்னுடையதும் அவளுக்குக் கேட்டிருக்கும். நான் அதை மறைக்கவில்லை.